தம்பியின் வயிற்றுவலி

முதன்ஜியாங்
12 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

என் எழுத்தைப் பார்த்ததும் என் முகத்தையே பார்த்ததாக வைத்துக்கொள். நீயும் அத்தானும் சுகமா? மழைக்காலத்தில் உனக்கு வரும் முழங்கால் வலி இந்த வருடம் எப்படி?

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. போன வாரம் முட்டைக்கோஸ் வண்டி வந்தது. குடியிருப்பே தெருவில் இறங்கி அள்ளிக்கொண்டு போனது. நாங்களும் பெரிய ஜாடி நிறைய உப்பில் ஊறப் போட்டிருக்கிறோம். ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை வழக்கம்போல.

ஒரு விஷயம். எனக்குக் கொஞ்ச காலமாக அடிவயிற்றில் ஒரு வலி. கைகால் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கிறது. இங்கே டாக்டர் மாத்திரை தருகிறார். போட்டால் போகிறது, பிறகு திரும்ப வருகிறது. நீ ஒரு மருந்துச் சீட்டு எழுதி அனுப்பினால் இங்கேயே மூலிகைக் கடையில் வாங்கிக் காய்ச்சிக்கொள்வேன். நம் அப்பாவிடம் வைத்தியம் கற்றவள் நீ ஒருத்திதானே, நான் வேறு யாரிடம் போவேன்.

மிங்யா நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். அவள் உடம்புக்கு ஒன்றுமே இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை.

அன்புத் தம்பி,
பெய்ஷெங்


லீகோவ், ஹுனான்
25 நவம்பர் 1984

தம்பி பெய்ஷெங்குக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம். அதனால் சுகம்தான். உன் அத்தான் சதுரங்கத்தில் தோற்றுவிட்டு வந்து குளிர் என்று போர்த்திப் படுத்திருக்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

நாடி பார்க்காமல் மருந்து எழுதினால் அப்பா எங்கிருந்தாலும் வந்து என் காதைத் திருகுவார். நீயோ நாலு நாள் ரயிலில் வர வேண்டிய தூரத்தில் இருக்கிறாய். அதனால் நான் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. வலி எப்போது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது? கையால் அழுத்தினால் இதமாக இருக்கிறதா, இன்னும் கடுக்கிறதா? வெந்நீர்ப் பை வைத்தால் குறைகிறதா? தூக்கம், பசி, மலம் எல்லாம் எழுது. நாக்கைப் பகல் வெளிச்சத்தில் நீட்டி அதன் நிறத்தைப் பார்த்து எழுது. டீ குடித்துவிட்டுப் பார்க்காதே.

அதுவரை மருந்து இல்லாத மருந்து சொல்கிறேன். பச்சைத் தண்ணீர் குடிக்காதே. படுக்கப் போகும் முன் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில் நெற்றி வியர்க்கும்வரை காலை வைத்திரு. அப்பா சொல்லித் தந்த எட்டு அசைவுப் பயிற்சியைக் காலையில் செய். அந்த ஊரில் வாசலில் வைத்துக் கல்லாக்கித் தின்கிறீர்களே பேரிக்காய், அதைத் தொடாதே.

நீ என்னிடம் மருந்து கேட்டது உன் மனைவிக்குத் தெரியுமா? கல்யாணத்தின்போது அவளுக்குக் காய்ச்சல் என்று நான் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, "இது குதிரைக்கு வைக்கிற தண்ணி" என்று சொன்னவள் அவள். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

மார்பை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா,
பெய்லான்


முதன்ஜியாங்
9 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கட்டும். உன் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு ஆட்டுத்தோல் உறை அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். வலி மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் நாற்பது நாளுக்கு ஒரு தடவை வருகிறது. மூன்று நாள் நிற்கிறது. முதல் நாள்தான் மோசம். அழுத்தினால் கடுக்கிறது. வெந்நீர்ப் பை வைத்தால் உயிர் வருகிறது. அப்போதெல்லாம் வார்டில் நிற்கவே பட்டறையில் நிற்கவே முடிவதில்லை. பேனா வழுக்கிவிட்டது, மன்னித்துக்கொள். நாக்கின் ஓரம் கருநீலமாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன், மிங்யாவும் பார்த்துச் சரி என்றாள்.

பேரிக்காயை விடுவதுதான் கஷ்டம். உறைந்த பேரிக்காய் இல்லாத குளிர்காலமும் ஒரு குளிர்காலமா என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார். ஆனாலும் விட்டாயிற்று.

அன்று பதிலுக்கு நீ சொன்னதை எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். "அம்மா இல்லாம வளர்ந்தது, வேற எப்படி இருக்கும்" என்றாய், அக்கா. அவள் மறக்கவில்லை. அவள் அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் சாப்பிட்டாயா, போர்த்திக்கொண்டாயா என்று கேட்டதில்லை. நான் சண்டைக்கு எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. குழந்தை ஏன் இல்லை என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்காததற்கு நன்றி. ஆஸ்பத்திரியில் இருவருக்கும் குறை இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வலி இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படியாவது இதைச் சரி செய்து கொடு.

தம்பி,
பெய்ஷெங்


லீகோவ்
22 டிசம்பர் 1984

தம்பிக்கு,

ஆட்டுத்தோல் உறை வந்தது. போட்டதும் முழங்கால் கரடிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. அத்தான் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். உங்கள் இருவர் சுகமும் அறிந்தேன்.

உன் பதில்களை இரண்டு முறை படித்தேன். ஆண்களுக்கு இந்த மாதிரி நோய் வருவது அபூர்வம். ஆனால் உனக்கு வந்துவிட்டது, என்ன செய்வது. அடிவயிற்றில் குளிர் புகுந்து ரத்தம் தேங்கி நிற்கிறது. உள்ளே சூடேற்றி, தேங்கியதை மெல்ல நகர்த்த வேண்டும்.

சீட்டு இத்துடன் இருக்கிறது. தாங்குய் வேர், இலவங்கப்பட்டை, இஞ்சி, அதிமதுரம், தாய்நலப் பூண்டு. கடைக்காரர் ஏதாவது கேட்டால் அக்கா எழுதியது என்று சொல். வலி வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கு, வந்ததும் நிறுத்து. மண்சட்டியில்தான் காய்ச்ச வேண்டும், இரும்பில் வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் மருந்தைவிட முக்கியம். அந்த நாட்களில் நீ குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது, காய் கழுவக் கூடாது. வீட்டில் இருக்கும் இன்னொருவர்தான் அதையெல்லாம் செய்ய வேண்டும். அந்த இன்னொருவர் உடம்பு நல்ல உருக்கு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செய்யட்டும். நின்றுகொண்டே பார்க்கும் வேலையில் நடுவில் பத்து நிமிடம் உட்காரக் கேட்டால் யாரும் தலையை வாங்கிவிட மாட்டார்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லவும் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை.

கருப்பு வெல்லமும் செவ்விலந்தையும் பார்சலில் வருகிறது. இருவரும் சாப்பிடுங்கள்.

அக்கா,
பெய்லான்


முதன்ஜியாங்
28 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் நெருங்குகிறது. உனக்கும் அத்தானுக்கும் எங்கள் வணக்கங்கள். பார்சல் பத்திரமாக வந்தது. இலந்தையில் பாதி அன்றே தீர்ந்துவிட்டது, யார் தின்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

உன் சீட்டை எடுத்துக்கொண்டு மூலிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு கிழவர். சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படித்தார்.

"யாருக்குப்பா மருந்து?"

"எனக்குத்தாங்க."

"உனக்கா? மாசாமாசம் தவறாம வருதா?"

கடையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அக்கா எழுதியது என்றேன். "உங்க அக்கா ரொம்ப நல்ல வைத்தியர்ப்பா. ஆனா உன்னைத் தம்பின்னு நெனச்சு வளர்த்துட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நிறுத்துக் கொடுத்தார். காது சூடாகி வீடு வந்து சேர்ந்தேன். மிங்யாவிடம் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மருந்தை நான்தான் காய்ச்சுகிறேன். சக்கையைத் தெருவில் கொட்டினேன், நாலு பேர் மிதித்து நோயைக் கொண்டு போகட்டும் என்று. பக்கத்து வீட்டம்மா, "ஏம்ப்பா, உங்க வீட்டு நோயை எங்க வாசல்லதான் கொட்டணுமா" என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

நீ சொன்னபடி அந்த இன்னொருவர் துணி துவைக்கிறார். விரல் எல்லாம் வெடித்துவிட்டது. பரவாயில்லை.

இந்த மாதம் வலி பாதிதான், அக்கா. நிஜமாகவே பாதி. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

தம்பி,
பெய்ஷெங்


லீகோவ்
8 பிப்ரவரி 1985

தம்பிக்கு,

பாதி என்று படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். மீன் கருகியது. அத்தான் கருகலோடு அப்படியே தின்றார். நான் சந்தோஷமாக இருக்கும்போது அவருக்குப் பயம்.

இனி கொஞ்சம் பலமாகப் போகலாம். புதுச் சீட்டில் பீச் பருப்பும் குசும்பப்பூவும் சேர்த்திருக்கிறேன். இவை தேங்கிய ரத்தத்தைத் தள்ளும் சரக்குகள். முன்போலவே வலிக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கு. வலி வராமல் தள்ளிப்போனாலும் பயப்படாமல் குடி. நாற்பது நாள் ஆகும் உடம்பு இது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இந்த மருந்தை எழுதும் முன் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை ஆண்பிள்ளையிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்டால் நீ பதிலுக்கு எப்படி எழுதுவாய்? வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

புகையில் வாட்டிய பன்றி இறைச்சி அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்க் குளிரில் அது அடுத்த வருடம்வரை கெடாது. புது வருடத்தன்று இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள். இருவரும் என்று எழுதியிருக்கிறேன், அதை அவளிடம் படித்துக் காட்டு.

அக்கா,
பெய்லான்


முதன்ஜியாங்
6 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

விளக்குத் திருநாள் வாழ்த்துகள். ஆற்றில் பனிக்கட்டியைச் செதுக்கி உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள். அத்தானும் நீயும் சுகம்தானே?

உன் இறைச்சியை மிங்யா ரசித்துச் சாப்பிட்டாள். நீ எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள்.

நல்ல சேதி. பிப்ரவரியில் வலி வரவே இல்லை. இன்னும் வரவில்லை. பண்டிகைக்கு மூலிகைக் கடை மூடியிருந்ததாலும் பீச் பருப்பு தீர்ந்துபோனதாலும் புது மருந்தை இன்னும் வாங்கவில்லை. அடுத்த வாரம் சரக்கு வந்துவிடும் என்று கிழவர் சொன்னார். வலி தள்ளிப்போனாலும் குடிக்கச் சொல்லியிருக்கிறாயே, வந்ததும் தொடங்கிவிடுவோம், தொடங்கிவிடுவேன்.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் வாயில் பித்தநீர் வருகிறது. ஊறப்போட்ட முட்டைக்கோஸ் வாசனை ஆகவில்லை, ஜாடியை வெளியே தள்ளிவிட்டோம். உட்கார்ந்த இடத்தில் தூக்கம். இது முன்னால் குடித்த மருந்தின் சூடா? இதற்கும் சேர்த்து ஏதாவது எழுது.

தம்பி,
பெய்ஷெங்


தந்தி
லீகோவ், 14 மார்ச் 1985

லுவோ பெய்ஷெங், ரயில் பெட்டிப் பட்டறை, முதன்ஜியாங்

மருந்தை உடனே நிறுத்து. நீ கர்ப்பம். அக்கா


லீகோவ்
14 மார்ச் 1985

பெய்ஷெங்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. தந்தி கிடைத்திருக்கும். உன் கடிதம் இன்று மதியம் வந்தது. மருந்தகத்தில் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, "பெரியம்மா, ஆம்பளைப் பேருக்கு அனுப்புறீங்க. 'உன் மனைவி'ன்னு சேர்க்கட்டுமா?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதம் நீ, நீ என்று எழுதிக் கை பழகிவிட்டது. "இருக்கறபடியே அனுப்பும்மா, அவனுக்குப் புரியும், சீக்கிரம் அனுப்பு" என்றேன்.

இனி விளையாட்டு வேண்டாம். வலி மிங்யாவுக்கு என்று எனக்கு டிசம்பரிலேயே தெரியும். பீச் பருப்பும் குசும்பப்பூவும் கர்ப்பிணி தொடக் கூடாதவை. எந்தப் பெண்ணுக்கு எழுதினாலும் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். அதை உன்னிடம் கேட்டால் உனக்கும் அவளுக்கும் கௌரவம் போய்விடும் என்று விட்டேன். பொய் சொல்லாதே, பெய்லான், அது மட்டும் இல்லை. அவளாக வந்து என்னிடம் கேட்கட்டும் என்றும் ஒரு மூலையில் இருந்தது.

அவளைப் படுக்க வை. கனமானது எதையும் தூக்க விடாதே. அரிசிக் கஞ்சியில் இலந்தையும் சேனைக் கிழங்கு மாதிரி வெள்ளையாக ஒரு கிழங்கு விற்பார்களே, அதையும் போட்டுக் கொடு. அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போ, அவர்கள் சொல்வதைக் கேள். என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள் என்று அவர்களிடம் மறைக்காமல் சொல். எனக்கு உடனே எழுது.

அக்கா


லீகோவ்
25 ஏப்ரல் 1985

தம்பி பெய்ஷெங்குக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதித் தொடங்குகிறேன்.

உன்னிடமிருந்து ஒரே ஒரு தந்தி வந்தது. "எல்லோரும் நலம். கடிதம் பின்னால்." கடிதம் வரவில்லை. நான் இன்னொரு தந்தி அடித்தேன். அதற்கும் பதில் இல்லை.

நம் வீட்டில் நல்லதை மட்டும்தான் எழுதுவோம். அப்பா போனபோது நீ பட்டாளத்தில் இருந்தாய். உன் பயிற்சி முடியும்வரை நான் உனக்கு "எல்லோரும் நலம்" என்றுதான் எழுதினேன். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் உன் தந்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழந்தை போய்விட்டதா? போயிருந்தால் எழுது. எழுதாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. ரயில் ஏறி வந்துவிடலாம் என்று இரண்டு முறை பையை எடுத்தேன். எந்த முகத்தோடு வந்து அவள் முன் நிற்பது என்று திரும்ப வைத்துவிட்டேன்.

பெண்களுக்கு மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். சளி, இருமல், கிழவர்களின் மூட்டுவலி மட்டும் பார்க்கிறேன். நேற்று ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாடியில் விரலை வைத்தேன், எண்ண முடியாமல் எடுத்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். அத்தான், "ஒரு தப்புக்கு வைத்தியத்தையே விடுறியா" என்றார். ஒரு தப்பா, ஒரு உயிரா என்று கேட்டேன்.

மிங்யாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கல்யாணத்தன்று சொன்னதற்கும் சேர்த்து.

அக்கா,
பெய்லான்


முதன்ஜியாங்
10 ஜூன் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் மிங்யா. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தான் சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும் என்று பெய்ஷெங் சொன்னார். கேட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. குழந்தை இருக்கிறது. நேற்று உதைத்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் தந்தியைப் பட்டறை வாசல் காவலர் ஒலிபெருக்கியில் படித்துவிட்டார். "லுவோ பெய்ஷெங், தந்தி வந்திருக்கு. நீ கர்ப்பமாம். மருந்தை நிறுத்தணுமாம்." இன்றுவரை பட்டறையில் அவரைக் கர்ப்பிணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், கனமான பொருளைத் தூக்கப் போனால் நாலு பேர் ஓடி வந்து வாங்கிக்கொள்கிறார்கள். அன்று அவர் தொப்பிகூட இல்லாமல் பனியில் வீட்டுக்கு ஓடி வந்தார். மூன்று நாள் குடித்திருந்தேன். நாலாவது கிண்ணம் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

நர்சுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு வருடத்தில் பல தடவை நம்பி, பிறகு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அதனால் இந்தத் தடவை நம்பவே மாட்டேன் என்று இருந்தேன்.

மறுநாள் காலை ரத்தம் பட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தேன், ஊசி போட்டார்கள். உங்கள் கடிதம் வந்ததும் கஞ்சியும் வந்தது. பெய்ஷெங் செய்த கஞ்சி, அதைத் தின்றதற்கே எனக்குப் பதக்கம் தர வேண்டும். மருந்தால் ரத்தம் பட்டதா, அது இல்லாமலும் பட்டிருக்குமா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். எது காப்பாற்றியது, ஊசியா கஞ்சியா என்றும் சொல்ல முடியாது. நான் இரண்டையும் விடவில்லை.

எழுத விடாமல் தடுத்தது நான்தான். அவரைத் திட்டாதீர்கள். குழந்தை நிற்காது என்றுதான் முதலில் நினைத்தோம். போய்விட்டால் உங்கள் மருந்தால் போனது என்று நீங்கள் ஆயுசுக்கும் சுமப்பீர்கள். நின்றுவிட்டால் நின்றது என்று எழுதலாம், இல்லையென்றால் கர்ப்பமே இல்லை, நாள்தான் தள்ளிப்போயிருந்தது என்று எழுதிவிடலாம் என்று சொன்னேன். உங்கள் ஏப்ரல் கடிதம் வந்தபோது அவர் அழுதார், எழுதிவிடலாம் என்று கெஞ்சினார். அப்போது திரும்பவும் கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளினேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உங்களை வதைத்துவிட்டேன். அது என் தப்பு.

உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். டிசம்பர் கடிதத்தை அவருக்கு முன்பே நான் பிரித்தேன். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே, வலிக்கிறது என்றால் சொல் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் காட்டி, "இனிமே நீதான் துவைக்கணும், உங்க அக்கா உத்தரவு" என்று சிரித்தேன். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை, அக்கா.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிரசவித்த பெண்களிடம் நான் எப்போதும், "ஒரு மாசம் போர்த்திப் படுக்கறதெல்லாம் அந்தக் காலம், எழுந்து குளிங்க, ஜன்னலைத் திறங்க" என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டும். தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், யாராவது குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே என்று திட்ட வேண்டும். அதற்கு அம்மா வருவார்கள். நீங்கள் அன்று சொன்னது சரிதான், எனக்கு அம்மா இல்லை. நீங்கள் வருவீர்களா?

மிங்யா


லீகோவ்
19 ஜூன் 1985

மிங்யா,

உன் கடிதத்தை மருந்தகத்தில் நின்றபடியே படித்தேன். அழுதேன். வரிசையில் நின்ற நோயாளிகள் எனக்கு ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஒவ்வொருவராகக் கிளம்பப் பார்த்தார்கள். "யாரும் போகாதீங்க, என் தம்பி வீட்டுக் குழந்தை உதைச்சிருக்கு" என்றேன். அத்தானிடம் சொன்னபோது சதுரங்கக் காயைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆட்டம் உனக்குத்தான்" என்று எதிராளியிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, தோற்றதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

நீ மறைத்ததில் எனக்குக் கோபம் இருக்கிறது. நேரில் வந்து திட்டுகிறேன். மூன்று மாதம் நான் சாப்பிட்ட சோறு எதற்கும் ருசி இல்லை. ஆனால் நான் மட்டும் என்ன? கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவள்தானே. நாம் இருவரும் ஒருத்தியை ஒருத்தி மிதிக்காமல் நடக்கப் பார்த்துக் குழந்தை மேல் காலை வைக்கப் போனோம். இனி உன் உடம்பைப் பற்றி நீயே எழுது. பெய்ஷெங்கின் வயிற்றுவலியைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நேற்றிலிருந்து பெண்களையும் பார்க்கிறேன். யார் வந்து உட்கார்ந்தாலும், மாமியார் பக்கத்தில் நின்றாலும், முதலில் அந்தக் கேள்வியைத்தான் சத்தமாகக் கேட்கிறேன். வெட்கப்படுகிறார்கள், படட்டும்.

அக்டோபர் நடுவில் வந்துவிடுவேன். விடுப்புக்குச் சொல்லியாயிற்று. குளிக்கலாமா கூடாதா என்று நாம் சண்டை போடத்தான் போகிறோம். இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் துடைத்துக்கொள்வது வரை நான் இறங்கி வருவேன், அதற்கு மேல் இல்லை. ஜன்னலைத் திறக்க விட மாட்டேன். கோழி, முட்டை, கருப்பு வெல்லம் எல்லாம் என் பொறுப்பு. சமையலறைப் பக்கம் பெய்ஷெங் வரக் கூடாது, அவன் துவைத்தால் போதும்.

வந்து இறங்கியதும் முதலில் உன் கையைத்தான் கேட்பேன். நாடி பார்க்க மட்டும்தான் என்று நினைத்துவிடாதே.

உன் அக்கா,
பெய்லான்